மூத்தவன்

அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவர் இருபது வயதில் தாம் இருந்த அதே ஆளையும் காலத்திலிருந்து வரவழைத்து மணையருகே உட்காரவைப்பது மதுரையில் இப்போது வழக்கமாகிவிட்டது.

இன்று நித்தினுக்கு அறுபதாம் கல்யாணம். வரப்போகிறவன், செத்தாலும் சர்க்கார் வேலைக்குப் போகமாட்டேன் என்று கிதாரும் கையுமாகத் திரிந்தவன். இவரோ தாசில்தாராக ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் காறித் துப்பிவிடுவானோ?

தோள்வரை முடியோடு வந்தான். இவருடைய பட்டுவேட்டியையும் தொந்தியையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"தம்பி, பெரியவர் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ" என்றார் ஐயர்.

"என்ன சாமி, இவருக்கு நாப்பது வருஷம் முன்னாடியே வந்தவன் நான். நான்தானே மூத்தவன்?"

ஐயர் யோசித்தார். சாஸ்திரம் இதை யோசித்திருக்கவில்லை.

"பாயிண்டுதான். விழுங்க" என்றாள் மனைவி ஹர்ஷினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நித்தின் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வெகுநேரமாகியும் அட்சதை விழவில்லை. விரல்கள்தான் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தார். பையன் கண்களை அகல விரித்து, அவருடைய வழுக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், இம்புட்டு தூரமாடா வந்துட்ட? நான் முப்பதைத் தாண்டுவேன்னே நெனைக்கலையேடா!"