மறுப்புத் தாள்

மருந்தியல் படிப்பில் ஜெனிட்டா எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தாள், மறுப்புத் தாளைத் தவிர. அவரவர் உடம்பைப் பேணும் விதத்துக்குப் போடும் நலப்புள்ளி அறுபதுக்குக் கீழே போனவர்களிடம், 'உங்களுக்கு மருந்து கிடையாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டிய செய்முறைத் தேர்வு அது. நோயாளிகள் நிஜமானவர்கள். மற்ற நாட்களில் புள்ளி குறைந்தவர்களுக்கு மருந்துப் பெட்டி திறக்கவே திறக்காது. தேர்வு நாளில் மட்டும், மாணவர்களின் மன உறுதியைச் சோதிக்க, அதைத் திறந்தே வைப்பார்கள்.

உப்பளத்து இசக்கியம்மா முதல் ஆளாக வந்து நின்றாள். விடியுமுன்னே உப்பு வாரப் போகிறவள் சரியாகத் தூங்குவதில்லை என்று அவளுடைய புள்ளியை நாற்பத்தொன்றுக்கு இறக்கியிருந்தார்கள்.

"இன்சுலின் தீந்து நாலு நாளாச்சு தாயி."

ஜெனிட்டா ஆறு மாதத்துக்கு உண்டானதை எடுத்து ஐஸ் பையில் வைத்துக் கொடுத்தாள். "வெயில்ல வச்சிராதீங்கக்கா. அடுத்த பரீட்சை வரைக்கும் வரும்."

தேர்வாளர் பொன்ராஜ் பேனாவை மேசைமேல் எறிந்தார். "இதோட ஏழு தடவ ஃபெயில்! முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நீயும் பார்மசிஸ்ட் ஆயிருவம்மா."

"ஆயிட்டா எனக்குப் பரீட்சை இருக்காது, அந்தப் பொட்டியும் திறக்காதே சார்."

மணி அடிக்கும்வரை தேர்வை நிறுத்த விதியில் இடமில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற மாணவர்களின் மேசைகளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஜெனிட்டாவின் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது.

"அடுத்த பரீட்சைத் தேதிய இப்பவே சத்தமாச் சொல்லிருங்க சார்," என்றாள் அவள். "அவுங்களும் குறிச்சிக்கிடட்டும்."