பொருந்தாத எலும்பு

ஆய்வகத்துப் பெரியவர் விரலை நாக்கில் தொட்டுத்தான் கோப்பின் தாளைப் புரட்டுவார். அதே ஈர விரலால் மேசைமேல் இருக்கும் எலும்பையும் தடவிப் பார்ப்பார். உதவியாளர் கையுறைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள். அந்த எலும்புக்கு உயிர் இருந்தால் எழுந்து ஓடியிருக்கும்.

"சார், கையுறை போட்டுக்கலாமே."

"இருபது வருஷமா இந்தக் கையாலதான் வேலை பார்க்கிறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

பாழுங்கிணற்றில் கிடைத்த எலும்புக்கூடு அது. மூன்று வருடமாக மகனைத் தேடும் தாய், தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருந்தாள். பெரியவர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"டி.என்.ஏ. பொருந்தலம்மா. இது உங்க பையன் இல்ல."

"அப்போ எம்புள்ள உயிரோட இருக்கான்." அவருடைய அந்தக் கையையே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போய் அவன் ரூமைப் பெருக்கி வைக்கணும் சார்."

உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எலும்பில் கிடைத்த டி.என்.ஏ.வை விதிப்படி முதலில் ஆய்வக ஊழியர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். வெட்டி வேலை என்று பெரியவர் தள்ளிவிட்டிருந்தார். தாய் போனபின் உதவியாளர் அதைச் செய்து பார்த்தாள். ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது.

"சார், எலும்புல இருந்தது யாரோட டி.என்.ஏ.ன்னு தெரிஞ்சுடுச்சு."

"யாரோடது?" பெரியவர் அடுத்த கோப்புக்காக விரலை நாக்கில் தொட்டார்.

"உங்களோடது."