பஸ்ஸில் கேட்ட ரகசியம்

"இந்த வருஷமும் நம்ம பிள்ளை ஒண்ணைத் தூக்கிட்டாங்க மேடம்" என்றபடி தலைமையாசிரியை வைஜெயந்தியின் அறைக்குள் வந்தார் விளையாட்டு ஆசிரியர் பன்னீர்செல்வம்.

வைஜெயந்தி பேனாவை மேஜையில் போட்டார். "யாரு, அந்தத் தனியார் ஸ்கூலா?"

"வேற யாரு?"

அடுத்த வாரம் பள்ளி மாணவிகளுக்கான கால்பந்துப் போட்டி. ஜெயிக்கிற அணி இந்தத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லாந்துக்குப் போய் ஆடும். இந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு தடவைகூட அந்தக் கப்பலில் ஏறியதில்லை. நன்றாக ஆடுகிற ஒருத்தி தலையெடுத்தால் போதும், அந்தத் தனியார் பள்ளி இலவச சீட்டு, இலவச ஷூ, ஏ.சி. பஸ் என்று ஆசை காட்டி அள்ளிக்கொண்டு போய்விடும். போன வருஷம் கோல்கீப்பர் இந்திராணி. அதற்கு முந்தின வருஷம் சந்திரமதி. வெயிலில் நின்று பயிற்சி கொடுப்பது இவர்கள், கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்வது அவர்கள்.

"உதயாவை வெச்சு இந்தத் தடவை கப்பல் ஏறிடலாம்னு இருந்தேனே சார். இதுக்கு மேல பொறுக்க முடியாது. கல்வித்துறைக்குப் புகார் எழுதப் போறேன். உக்காருங்க, பாயிண்ட் சொல்லுங்க."

"புகாரெல்லாம் தேறாது மேடம். விட்டுடுங்க."

"விட்டுடறதா? போன வருஷம் அவங்க கேட் முன்னாடி நின்னு கத்தினது நீங்கதானே?"

"அப்ப பி.பி. இல்ல மேடம்" என்று பன்னீர்செல்வம் தட்டிலிருந்த சமோசாவை எடுத்துக் கடித்தார். போன வருஷம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷர் இவர்தானா என்று வைஜெயந்திக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். "நமஸ்தே மேடம். டி.சி. வாங்கிட்டுப் போக வந்தேன். பந்த்ரா மினிட் வேலைதான்."

வந்தவர் கௌதம், அந்தத் தனியார் பள்ளியின் ஸ்போர்ட்ஸ் மேனேஜர். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகத்தான் பேசுவார். எண் என்று வந்துவிட்டால் மட்டும் நாக்கு இந்திக்குத் தாவி, பதினைந்து பந்த்ரா ஆகிவிடும்.

"உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்றார் வைஜெயந்தி.

"டேலண்ட் எங்க இருந்தாலும் நாங்க கைகொடுப்போம் மேடம். பொண்ணோட அப்பாவே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று உறையை மேஜையில் வைத்தார் கௌதம்.

பெற்றவரே கேட்டால் டி.சி. கொடுக்காமல் இருக்க முடியாது. வைஜெயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உறையைப் பிரித்தார்.

பன்னீர்செல்வம் குறுக்கே புகுந்தார். "ஒரே ஒரு கண்டிஷன் சார். கால் உடைஞ்சாலும், ஒரு கோல்கூட அடிக்காட்டியும், பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு எல்லாமே ஃப்ரீன்னு எழுதிக் கொடுங்க."

"அவ்வளவுதானே? பாரா வரைக்கும் ஃப்ரீ" என்று அங்கேயே எழுதி, பையிலிருந்து பள்ளி முத்திரையையும் எடுத்துக் குத்தினார் கௌதம். வருஷா வருஷம் ஆள் பிடிக்கிறவர், முத்திரை இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

"ஆமா, எங்க மேட்ச் எதுக்கும் நீங்க வந்ததே இல்லியே. இந்தப் பிள்ளைதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் பன்னீர்செல்வம்.

"வெயில்ல நின்னு மேட்ச் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா? தினம் கராச்சர்மா பஸ்லதானே ரெண்டு பேரும் வர்றோம். எனக்கு முன் சீட்ல உக்காந்து போன்ல நீங்களே சொன்னீங்க. என் காதால கேட்டேன்" என்று கௌதம் சிரித்தார்.

பன்னீர்செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தைப் படித்த வைஜெயந்தி ஒரு கணம் நிமிர்ந்து பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கிளார்க்கைக் கூப்பிட்டு டி.சி. எழுதச் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கௌதம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டைத் தாண்டியதும் வைஜெயந்தி பன்னீர்செல்வம் பக்கம் திரும்பினார்.

"சார், அதுல பானுன்னு போட்டிருக்கு."

"ஆமா மேடம்."

"பந்து பக்கத்துல வந்தா கண்ணை மூடிக்குமே, அந்தப் பானுவா?"

"அதேதான். இதுவரைக்கும் ஒரு கோல் அடிச்சிருக்கு, அதுவும் நம்ம போஸ்ட்ல. ஆனா அந்த ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் மேல அதுக்கு அவ்வளவு ஆசை மேடம். பாவம், படிக்கிற பிள்ளை."

"பஸ்ல அப்படி என்னதான் சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். 'டீம்லயே தேறாத பிள்ளை, தேறாத பிள்ளை'ன்னு கொஞ்சம் சத்தமா சொன்னேன். அவரு காதுல 'தேராதான் பிள்ளை'ன்னு விழுந்திருக்கு. இந்தியில தேரான்னா பதிமூணு. பானுவோட ஜெர்சி நம்பர்."

வைஜெயந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் உதயா பந்தை வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அது சரி சார், பஸ்ல அவ்வளவு சத்தமா யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

பன்னீர்செல்வம் கடைசி சமோசாவை எடுத்துக்கொண்டார்.

"யார்கிட்ட பேசறது மேடம்? மூணு நாளா என் போன்ல டவரே இல்ல."