அணையாத விளக்கு

கண்ணாடிக் கூடாரத்துக்குள் இரண்டு கஞ்சாச் செடிகள் தொட்டியில் நின்றன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பூத்த செடியை அறுக்கும் கத்தரிக்கோல் எதிரே ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்தாலே குட்டைக்குத் தண்டு நடுங்கும்.

“இருட்டு நீண்டாத்தான்டி நமக்குப் பூ வரும்,” என்றது நெட்டை. “விளக்கு எரிஞ்சா உயிர் தப்பினோம்.”

விளக்கை நேரத்துக்கு நேரம் அணைக்கும் டைமர் சுவரில் இருந்தது. குட்டை அதைக் கெஞ்சியது. “அண்ணே, விளக்கை மட்டும் அணைச்சிடாதீங்க.”

“எனக்கென்ன, நின்னுட்டாப் போச்சு,” என்று டைமர் நின்றுவிட்டது.

அப்புறம் விளக்கு அணையவே இல்லை. குட்டைக்குக் குளிர்விட்டுப் போயிற்று. “என்னப்பா, துருப்பிடிக்குதா?” என்று கத்தரிக்கோலைச் சீண்டியது. அது வாய் திறக்கவில்லை.

ஒருநாள் யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டது. இருபத்தாறு. மறுநாள், இருபத்தேழு.

“அண்ணே, நீங்களா எண்ணுறீங்க?”

“நான்தான் நின்னுட்டேனே.”

மூன்று நாள் கழித்து நெட்டை குனிந்து, குட்டையின் மேல் இலையை ஒட்டிவைத்துக் கேட்டது. சட்டென்று விலகிக்கொண்டது.

“உன் தண்டுக்குள்ளேயிருந்துதான்டி வருது. சில விதைக்கு இருட்டே வேண்டாம், இத்தனை நாள் வயசானாப் போதும், தானே பூத்துடும்னு சொல்வாங்க. நீ அந்த விதை.”

“வாயை மூடு!” என்று குட்டை கத்தப் பார்த்தது. “முப்பது” என்றுதான் வந்தது. கணுவில் பூவின் முதல் வெள்ளை இழைகள் இரண்டு எட்டிப் பார்த்தன.

காற்றில்லை. ஆனாலும் ஆணியில் கத்தரிக்கோல் மெல்ல வாய் திறந்தது.

“துரு ஒண்ணும் இல்லை, தாயி.”