சாயம் சேர்க்காத தட்டு

"உன் கை சுத்தமில்லைம்மா." மூன்றாவது முறையும் பேராசிரியர் அதையேதான் சொன்னார்.

ஒரே ஆளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்தேன். ஒன்றில் மட்டும் துணிச்சாயத்தைச் சேர்த்தேன். டிஎன்ஏ உடைந்து, செல்கள் பெருகுவதை நிறுத்திக்கொண்டன. எதிர்பார்த்ததுதான். ஆனால், சொட்டுச் சாயம்கூடச் சேர்க்காத தட்டிலும் அதே உடைசல்.

"சத்தியமா அதுல எதுவும் படல சார்."

"அப்போ தானா உடைஞ்சுதா? முதல் பட்டதாரின்னு பாவம் பார்த்துச் சேர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னைக்குள்ள காரணம் சொல்லு, இல்லன்னா மூட்டையைக் கட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு, ரத்தம் கொடுத்தவரின் படிவத்தை எடுத்தேன். வயது ஐம்பத்திரண்டு. நோய் இல்லை. தொழில், மளிகைக்கடை.

"மளிகைக்கடைக்காரர் சாயத்தைக் கரைச்சுக் குடிச்சாராக்கும்!" எட்டிப் பார்த்த பேராசிரியர் சிரித்தார்.

ரத்தம் கொடுத்தவருக்கு எழுதத் தெரியாது. படிவத்தை நிரப்பியது நான்தான். உண்மையான தொழிலை எழுத வெட்கம். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"என் கை சுத்தம்தான் சார். படிவம்தான் பொய்."

"என்ன உளர்றே?"

"அது எங்கப்பா. இருபது வருஷமா சாயத்தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவுறார். இந்நேரமும் அதுக்குள்ளதான் நிக்கிறார்."