கானாவூர்ச் சாறு

"கிரேக்க மூலத்தைப் பாத்தா விசயமே வேற. கானாவூர்க் கல்யாணத்துல இயேசு தண்ணியை மாத்திக் குடுத்தது வெறும் திராட்சைச் சாறு. அன்னைக்குப் பிழிஞ்சது. போதைங்கிற பேச்சுக்கே இடமில்ல."

பாஸ்டர் இம்மானுவேல் இப்படிச் சொன்னதும் சின்னமனூர் சபை "ஆமென்" என்றது. எபனேசருக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? அவன் இறையியல் கல்லூரியில் ஒரு வருடம் கிரேக்கம் படித்தவன். முதல் தேர்வில் கோட்டைவிட்டு, மறுதேர்வில் தட்டுத்தடுமாறிக் கரையேறிய கிரேக்கம்தான். ஆனாலும் கிரேக்கம் கிரேக்கம்தானே! விடுமுறைக்கு வந்ததிலிருந்து சாப்பாட்டு ஜெபத்தைக்கூட மூல பாஷையில் செய்து, அம்மாவின் சாம்பாரை ஆறவைத்துக்கொண்டிருந்தான்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை வாசலிலேயே மறித்தான்.

"ஐயா, 'ஓய்னொஸ்'னா மது. அகராதியிலயே இருக்கு. நீங்க எந்த மூலத்துல பாத்தீக?"

"அப்படியா தம்பி?" பாஸ்டர் கோபப்படவில்லை. "அடுத்த ஞாயிறு நீயே பிரசங்கம் பண்ணேன். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு."

கிரேக்கம் தெரியாத ஆள், மாட்டிக்கொண்டதும் மழுப்புகிறார் என்று எபனேசர் முடிவு கட்டினான். வாரம் முழுக்கக் குறிப்பெடுத்தான். கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "ஞாயித்துக்கிழமை தவறாம வந்துருங்க" என்றான். சத்தியத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு பற்று. பாஸ்டரின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கிற ஆசையும் கொஞ்சம் உண்டு.

சனிக்கிழமை, அனுமந்தன்பட்டியிலிருந்து இந்தச் சபைக்கு வருகிற கிருபாவதி அவனைத் தேடி வந்தாள். அவள் கணவர் சுருளிராஜனுக்கு அங்கே திராட்சைப் பந்தல் இருக்கிறது.

"தம்பி, நாளைக்கு அது சாராயம்தான்னு சொல்லப் போறீகளாமே?"

"சாராயம் இல்லக்கா, மது."

"எதுவோ ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு எம்புட்டுக் குடிப்பாகன்னு ஊருக்கே தெரியும். முன்னெல்லாம் சபைப் பக்கமே வர மாட்டாக. ஆனா பைபிள்ல இந்த ஒண்ணு மட்டும் அத்துப்படி. 'ஒங்க சாமியே கல்யாண வீட்டுல ஊத்திக் குடுத்திருக்காரு, என்னைய மட்டும் ஏன்டி கேக்குற'ன்னுட்டுப் பாட்டிலைத் தெறப்பாக. போன கிறிஸ்துமஸுக்கு இழுத்துட்டு வந்தேன். அன்னைக்குத்தான் பாஸ்டர் மொதத் தடவையா, கிரேக்கத்துல அது சாறுன்னு சொன்னாக. அதுலருந்து தொடல. நீங்க மாத்திச் சொன்னா பழையபடி போயிருவாக, தம்பி."

"பொய்யில கட்டுன வீடு நிக்காதுக்கா" என்றான் எபனேசர். வகுப்பில் எழுதிவைத்த வாக்கியம். செலவழிக்க இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது.

கிருபாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு சுருளிராஜன். பெண்கள் பக்கம் கிருபாவதி, கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"கிரேக்க மூலத்தில..." என்று ஆரம்பித்த எபனேசர் நிறுத்தினான். குறிப்பைப் பார்த்தான். கிருபாவதியைப் பார்த்தான். பாவமாக இருந்தது. தாங்க முடியாத அளவுக்குப் பாவமாக இருந்தது.

"...பாஸ்டர் ஐயா சொன்னதுதான் சரி. அது வெறும் சாறு" என்று சொல்லிவிட்டான்.

ஒரு வருடப் படிப்பு, மறுதேர்வோடு சேர்த்துக் கானாவூர்த் தண்ணீரில் போயிற்று.

ஆராதனை முடிந்ததும் சுருளிராஜன் அவனை பைக் நிறுத்துகிற பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்ன தம்பி, நீங்களும் பொய் சொல்லிட்டீக?"

எபனேசருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மொதல்ல நல்ல சரக்கை ஊத்துறது, ஆளுக தடுமாறுனப்பெறகு மட்டச் சரக்கை ஊத்துறது. அதான் கல்யாண வீட்டு வழக்கம்னு அந்தக் கதையிலயே பந்தி விசாரிக்கிறவன் சொல்றானா இல்லையா? சாறுக்கு எதுக்குய்யா இந்தச் சூட்சுமம்? இதைக் கண்டுபிடிக்கக் கிரேக்கம் வேணுமா தம்பி? குடிகாரனா இருந்தாப் போதாதா?"

"அப்ப... அன்னைக்கே தெரியுமா? பின்ன ஏண்ணே குடியை விட்டீக?"

சுருளிராஜன், அங்கே சபையாருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த பாஸ்டரைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"என் வரப்புத் தகராறுல ஒரே ஒரு பொய்ச் சாட்சி சொல்லுங்கன்னு அவுக கால்ல விழுந்து கேட்டேன். பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன்னுட்டாக. என் நெலமே போச்சு. அப்பேர்ப்பட்ட மனுசன், நான் திருந்தணும்னு பிரசங்க பீடத்துல ஏறி நின்னு பொய் சொன்னாகளே தம்பி... அதுக்கப்பெறகு எப்படிய்யா தொண்டையில எறங்கும்?"