நாற்பதில் மூன்று சீட்டு

ஒருவர் எழுந்து நியாயம் கேட்டால், ‘இவருக்கு என்ன கிடைக்காமல் போயிற்று?’ என்றுதானே நம் மனம் முதலில் கேட்கிறது?

கலகெதரப் பக்கத்துத் தோட்டமொன்றில் புதிய வீடுகள் மூன்று கட்டி முடிந்திருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் பழைய வரிசை அறைகளான லயத்தில் நாற்பது குடும்பங்கள். நாற்பது பெயர்களையும் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு, தோட்டத் தலைவர் இருளப்பன் மூன்று சீட்டுகளை எடுத்தார்.

மச்சான், மருமகன், அக்கா. மூன்றும் அவருடைய சொந்தங்களுக்கே விழுந்தன. அந்த நாற்பதில் அவருக்குச் சொந்தம் நான்கே வீட்டார்.

முணுமுணுத்தபடி கூட்டம் கலையத் தொடங்கியபோது கணித ஆசிரியை சுதர்சினி எழுந்தாள். டின்னில் மிச்சமிருக்கும் சீட்டுகளைக் கொட்டி, மற்ற முப்பத்தேழு பெயர்களும் இருக்கின்றனவா என்று எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னாள்.

முடியாது என்றார் இருளப்பன். அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது பாவமாம்.

கண்டி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த எழுதுவினைஞர் ஸ்ரீதரன் சிரித்தார்.

“நாப்பதுல நாலு. அதாவது பத்துல ஒன்னு. மூணு தடவைக்கு ஆயிரத்துல ஒன்னு. ஏன், ஆயிரத்துல ஒன்னு நடக்கக் கூடாதா, டீச்சர்?”

“எடுத்த சீட்டைத் திரும்ப டின்னுக்குள்ள போட்டிருந்தா அந்தக் கணக்கு சரி, சேர். போடலியே. முதல்ல நாப்பதுல நாலு. அடுத்தது முப்பத்தொன்பதுல மூணு. அதுக்கடுத்தது முப்பத்தெட்டுல ரெண்டு. பெருக்கிப் பாருங்க. ரெண்டாயிரத்து நானூத்தி எழுபதுல ஒன்னு.”

ஸ்ரீதரன் தொலைபேசியை எடுத்துப் பெருக்கினார். கணக்கு சரியாகத்தான் வந்தது.

“அதுக்காகக் களவுன்னு சொல்லிரலாமா?”

“சொல்லல, சேர். டின்னைக் கொட்டத்தான் சொல்றேன்.”

இருளப்பன் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உட்காரும்படி அதட்டினார். அவள் உட்காரவில்லை. ஊரே பார்க்க, நின்றுகொண்டே இருந்தாள்.

“வீடு விழுந்திருந்தா டீச்சருக்கு இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோயிருக்கும்,” என்றார் ஸ்ரீதரன்.

பின்வரிசையிலிருந்து தலைவரின் அக்கா ரத்தினம்மா எழுந்து வந்தார். மழை பெய்தால் ஒழுகும் லயத்து அறையில் முப்பது வருடம் கிடந்தவர். கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தார்.

“விழுந்துதான் இருக்கு, ஐயா. இவ என் மக.”

பிறகு இருளப்பனிடம் திரும்பினார்.

“தம்பி, டின்னைக் கொட்டி வாசி. அப்புறம் என் சீட்டையும் அதுல சேர்த்து, வேற ஒருத்தரை எடுக்கச் சொல்லு. நாளைக்கு இல்ல. இன்னைக்கே, இந்தச் சனம் கலையறதுக்குள்ள.”